வேரோடு நட்டதும் கிளையாக ஒடித்ததும்: மூன்று மேசைக்கணினி இயங்குதளங்களின் கடன் கணக்கு

2017 மார்ச் 22 அன்று லினக்ஸுக்கான மேசைத்திரைச் சூழல்களில் ஒன்றான க்னோமின் 3.24 பதிப்பு வெளிவந்தது. ஐந்து நாள் கழித்து ஆப்பிள், மேக்ஓஎஸ் சியராவின் 10.12.4 பதிப்பை வெளியிட்டது. ஏப்ரல் 11 அன்று மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 10-க்கான கிரியேட்டர்ஸ் அப்டேட்டைக் கொண்டுவந்தது. மூன்றிலும் ஒரே புது வசதி இருந்தது: பொழுது சாய்ந்ததும் திரையின் நீல ஒளி தானாகக் குறைந்து, வெளிச்சம் விளக்கொளி போல மஞ்சளாகும். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியிருக்க அந்த மூன்று வார இடைவெளி நிச்சயமாகப் போதாது. மூன்றுக்கும் முன்னோடியாக, 2009 முதல் இலவசமாகக் கிடைத்துவந்த எஃப்.லக்ஸ் என்ற சிறு நிரல் இருந்தது.

யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்ற சண்டை கணினி பயன்படுத்துவோரிடையே ஓய்ந்ததே இல்லை. விண்டோஸ் 11, மேக்ஓஎஸ், க்னோம் அல்லது கேடிஇ பிளாஸ்மாவுடன் கூடிய லினக்ஸ் ஆகிய மூன்றிலும் மாறிமாறி வேலை செய்பவன் என்ற முறையில் அந்தச் சண்டையில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. இந்த மதிப்பீட்டில் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். எடுத்த வசதியை வேரோடு பெயர்த்து நட்டார்களா, பூத்திருந்த கிளையை மட்டும் ஒடித்து வந்து மண்ணில் செருகினார்களா? ஒரு வசதி தன் பிறந்த வீட்டில் நன்றாக வேலை செய்வதற்கு அதைச் சுற்றியுள்ள நூறு சின்னப் பழக்கங்கள் காரணமாக இருக்கும். அவற்றையும் சேர்த்து எடுத்தால் கடன் தழைக்கிறது. விட்டுவிட்டால் அது அலங்காரமாக நின்றுவிடுகிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கலின் தொடக்கம் பலரும் அறிந்ததுதான். 1979 இறுதியில் ஸ்டீவ் ஜாப்ஸும் ஆப்பிள் பொறியாளர்களும் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்துக்குச் சென்று, மவுஸால் இயங்கும் திரையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதற்கு ஈடாக, பங்குச் சந்தைக்கு வருமுன்னரே ஆப்பிளின் ஒரு லட்சம் பங்குகளைப் பத்து லட்சம் டாலருக்கு வாங்கும் உரிமை ஜெராக்ஸுக்குக் கிடைத்தது. எனவே அதைத் திருட்டு என்று சொல்வது பொருந்தாது. அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த பகுதி ஆப்பிள் பொறியாளர் பில் அட்கின்சனைப் பற்றியது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் சாளரங்களில், பாதி மறைந்திருக்கும் சாளரத்தின் வெளியே தெரியும் பகுதியையும் ஜெராக்ஸ் இயந்திரம் உடனுக்குடன் வரைந்ததாக அவர் நினைத்துக்கொண்டார். உண்மையில் அது அப்படிச் செய்யவில்லை. அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும் என்ற நம்பிக்கையில் உழைத்து, இல்லாத ஒன்றை அவர் படைத்துவிட்டார். கடன் வாங்கியதாக நினைத்தே ஒருவர் முதலாளி ஆன கதை இது.

நீதிமன்றக் கதை அவ்வளவு இனிமையானதன்று. 1988-இல் ஆப்பிள் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடுத்து, தனக்குரியவை என்று 189 திரைக் கூறுகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் 179 கூறுகள் 1985-இல் ஆப்பிளே கொடுத்த உரிமத்துக்குள் அடங்கிவிடுகின்றன என்று நீதிமன்றம் முடிவு செய்தது. மேல்முறையீடும் 1994-இல் தோற்றது. இடையில் 1989-இல் ஜெராக்ஸ் ஆப்பிள் மீது வழக்குத் தொடுத்ததும் பெரும்பாலும் தள்ளுபடியாயிற்று. உண்மையில் அடி வாங்கியது டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தின் ஜெம் என்ற இடைமுகம்தான். ஆப்பிளின் நெருக்குதலுக்குப் பணிந்து, அது தன் மேசைத் திரையிலிருந்து குப்பைத்தொட்டியையும், ஒன்றன்மேல் ஒன்று அமரும் சாளரங்களையும் எடுத்துவிட வேண்டியதாயிற்று. குப்பைத்தொட்டிக்கு உரிமை கோரிய காலம் ஒன்று இருந்தது என்பதை இன்று நம்புவது கடினம்.

இனி இன்றைய திரைக்கு வருவோம். சாளரங்களைத் திரையில் அடுக்கும் முறையைத்தான் நான் முதலில் சோதிப்பேன்; ஒரு நாளில் நாம் அதிகம் செய்யும் வேலை அது. 1985-இல் வந்த விண்டோஸ் 1.0-இல் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறா. தரையில் பதித்த ஓடுகளைப் போல அருகருகே மட்டுமே அமரும். அன்று அதைப் பலரும் குறையாகக் கண்டார்கள், 1987-இல் வந்த 2.0 அதைச் சரிசெய்தது. பிறகு 2009-இல் விண்டோஸ் 7 அதே ஓடு பதிக்கும் முறையை ஸ்னாப் என்ற பெயரில் விரும்பத்தக்க வசதியாகத் திருப்பிக் கொண்டுவந்தது. சாளரத்தைத் திரையின் ஓரத்துக்கு இழுத்தால் அது பாதித் திரையை நிரப்பும். லினக்ஸ் உலகில் ஓடு பதிக்கும் சாளர மேலாளர்கள் அதற்கு முன்பே தனி மரபாக வளர்ந்திருந்தன. மேக் மட்டும் பதினைந்து ஆண்டு காத்திருந்து, 2024-இல் வந்த செக்கோயா பதிப்பில்தான் இதை ஏற்றுக்கொண்டது.

இவ்வளவு தாமதமாக வாங்கிய கடன் எப்படி அமைந்திருக்கிறது? இயக்கம் சீராக இருக்கிறது; ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் சாளரம் எங்கே அமரும் என்பது முன்கூட்டியே நிழலாகத் தெரிகிறது. சாளரங்களுக்கிடையே சிறு இடைவெளி விடப்பட்டிருப்பது முதலில் அழகாகத் தோன்றும். சிறிய மடிக்கணினித் திரையில் அந்த இடைவெளி வீண் செலவு என்பது ஒரு வாரத்தில் புரிந்துவிடும். நல்ல வேளையாக அமைப்புகளில் அதை நிறுத்தலாம். என் குறை வேறிடத்தில் இருக்கிறது. விண்டோஸில் ஒரு சாளரத்தை இடப்பாதியில் அமர்த்தியதும், வலப்பாதியில் மற்ற சாளரங்களின் சிற்றுருவங்கள் வரிசையாக வந்து, எது வேண்டும் என்று கேட்கும். ஒரு சொடுக்கில் வேலை முடியும். ஸ்னாப் என்ற வசதியின் உயிர் அந்த இரண்டாவது படியில்தான் இருக்கிறது. ஏனென்றால் ஒரு சாளரத்தைப் பாதியாக்குகிறவர் அநேகமாக மற்றொன்றையும் பக்கத்தில் வைக்கத்தான் அப்படிச் செய்கிறார். ஓரத்துக்கு இழுக்கும் அசைவை எடுத்துக்கொண்ட மேக், அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளவில்லை. பிளாஸ்மா 2023-இல் வந்த 5.27 பதிப்பிலிருந்து இன்னொரு வழியில் போகிறது: ஆல்ட் விசைக்குப் பக்கத்திலுள்ள சூப்பர் விசையோடு டி எழுத்தைத் தட்டினால் திரையை நம் விருப்பப்படி கட்டங்களாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம், பிறகு ஷிஃப்ட் விசையோடு இழுத்துச் சாளரங்களை அந்தக் கட்டங்களில் போடலாம். முதல் நாள் குழப்பும், பழகியவர்கள் விடமாட்டார்கள். க்னோம் இயல்பாகப் பாதிப்பாதியோடு நிறுத்திக்கொள்கிறது.

கோப்புகளை வெட்டி ஒட்டும் சிறு செயலையும் அருகில் சென்று பார்க்க வேண்டும். எழுத்துக்கான வெட்டு, நகல், ஒட்டு என்ற முறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் லாரி டெஸ்லர். 1970-களில் ஜெராக்ஸில் தொடங்கியதை அவர் பிறகு ஆப்பிளுக்குக் கொண்டுபோனார். எழுத்தில் வெட்டு என்றால் பொருள் தெளிவு: வெட்டிய சொல் அந்த நொடியே மறைந்து கிளிப்போர்டுக்குப் போய்விடும். இதையே கோப்புக்குப் பயன்படுத்தினால், வெட்டிய கோப்பு எங்கே இருக்கும்? விண்டோஸ் ஒரு சமரசம் செய்துகொண்டது. கண்ட்ரோல்–எக்ஸ் தட்டியதும் கோப்பின் சின்னம் மங்கும்; கோப்பு அங்கேயே இருக்கும்; வேறிடத்தில் ஒட்டும்போதுதான் அது நகரும். இடையில் வேறெதையாவது நகலெடுத்துவிட்டால் வெட்டியது சத்தமில்லாமல் மறக்கப்படும். சொல்லின் பொருள் வளைந்தாலும் உலகம் முழுவதும் இதைப் புரிந்துகொண்டது. க்னோம், கேடிஇ இரண்டின் கோப்பு மேலாளர்களும் இதை அப்படியே ஏற்றுக்கொண்டன.

மேக்கின் கோப்பு மேலாளரான ஃபைண்டர் இந்தக் கடனை வாங்க மறுத்தது. அங்கே கோப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு எடிட் மெனுவைத் திறந்தால் வெட்டு என்ற சொல் மங்கிக் கிடக்கும். 2011-இல் வந்த லயன் பதிப்பில் தீர்வு ஒன்று வந்தது: கோப்பை வழக்கம்போல நகலெடுக்க வேண்டும், சேரவேண்டிய இடத்தில் ஆப்ஷன், கமாண்ட் இரண்டையும் சேர்த்து வி எழுத்தைத் தட்டினால் அது நகர்ந்து வரும். நகலா, நகர்த்தலா என்ற முடிவைச் சேரும் இடத்தில் எடுப்பது தர்க்கப்படி மிகச் சரியானது. அந்த நொடியில்தானே நமக்கே தெரியும். ஆனாலும் அந்த விசைச் சேர்க்கையை யாரும் தற்செயலாகக் கண்டுபிடிக்க முடியாது. விண்டோஸிலிருந்து வருகிறவர்கள் மாதக்கணக்கில் இரண்டு சாளரங்களைத் திறந்துவைத்து இழுத்துக்கொண்டிருப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் பிறர் செய்த தவறையே கடன் வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

தேடலில் நிலைமை தலைகீழ். தட்டச்சிடத் தொடங்கியதும் கோப்புகளைக் காட்டும் வசதியின் வேர் 1990-களின் பிஓஎஸ் என்ற இயங்குதளத்தில் இருக்கிறது. அதன் கோப்பு முறைமை, கோப்புகளின் பண்புகளைத் தரவுத்தளம் போலக் குறியிட்டு வைத்து, கேள்விக்கு உடனே விடை தரும். அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான டொமினிக் ஜம்பாவ்லோ பின்னர் ஆப்பிளில் சேர்ந்தார். 2005-இல் வந்த மேக்கின் டைகர் பதிப்பில் ஸ்பாட்லைட் என்ற தேடல் வசதி பிறந்தது. சிந்தித்தவரையே அழைத்துக்கொள்வதை விட வேரோடு பெயர்ப்பது வேறென்ன இருக்கிறது? டைகரை முன்னோட்டம் காட்டிய 2004 மாநாட்டில், மைக்ரோசாஃப்டின் தலைமையகம் இருக்கும் ரெட்மண்டை விளித்து, நகலெடுக்கும் இயந்திரங்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆப்பிள் பதாகை கட்டியது. 2007-இல் விண்டோஸ் விஸ்டாவின் ஸ்டார்ட் மெனுவில் தேடல் பெட்டி வந்தபோது பலர் அந்தப் பதாகையை நினைத்துச் சிரித்தார்கள். ஆனால் கடிகாரம், வானிலை போன்ற குறுஞ்செயலிகளைத் திரையில் காட்ட அதே டைகரில் இருந்த டாஷ்போர்டு, 2003 முதல் விற்பனையில் இருந்த கன்ஃபாபுலேட்டர் என்ற நிரலை எவ்வளவு ஒத்திருந்தது என்பதையும் அவர்கள் நினைத்திருக்கலாம்.

இன்றைய விண்டோஸ் 11-இன் தேடலில் எனக்குள்ள மனக்குறை வேகத்தைப் பற்றியதன்று. என் கணினியில் இருக்கும் ஒன்றைத் தேடும்போது இணையத்தின் பரிந்துரைகளும் வந்து அதே பட்டியலில் உட்கார்கின்றன. நான் கேட்டது என் அலமாரியில் இருக்கும் ஒரு தாள். கொடுத்தது தெருமுனை விளம்பரப் பலகை. கேடிஇ பிளாஸ்மாவின் கேரன்னர் இதற்கு நேர்மாறு. ஆல்ட்–ஸ்பேஸ் தட்டினால் திரையின் மேல் விளிம்பில் ஒரு கோடு போலத் திறக்கும். கோப்பு, செயலி, கணக்கு, அளவை மாற்றம் என்று எதைக் கேட்டாலும் சொல்லிவிட்டு மறையும். எந்தப் பிரிவு விடை சொல்லலாம், எது கூடாது என்பதை நாமே அமைப்புகளில் தீர்மானிக்கலாம். மூன்றில் எனக்கு மிகவும் பயன்படுவது இதுதான்.

திரையின் அடிப்பகுதியிலும் ஒரு கடன் இருக்கிறது. 1989-இன் நெக்ஸ்ட்ஸ்டெப்பில் வலது ஓரத்தில் நின்ற டாக் என்ற செயலிச் சின்னங்களின் வரிசை, ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கியதால் 2001-இல் மேக்கின் கீழ் விளிம்புக்கு வந்தது. விண்டோஸ் 7 தன் டாஸ்க்பாரில், திறந்திருக்கும் செயலியையும் திறக்கவேண்டிய செயலியையும் ஒரே சின்னமாக்கியபோது அந்தக் கருத்தை நன்றாகவே செரித்திருந்தது. 2021-இல் விண்டோஸ் 11 சின்னங்களை நடுவுக்குக் கொண்டுவந்ததைத்தான் நான் கிளை ஒடித்த கடன் என்பேன். திரையின் மூலை என்பது மவுஸுக்கு மிக எளிய இலக்கு. கையை வீசித் தள்ளினால் அம்பு அங்கே போய்த் தானே நின்றுவிடும், கண்ணால் குறிபார்க்க வேண்டியதில்லை. 1995 முதல் ஸ்டார்ட் பொத்தானின் இடம் அந்தக் கீழ் இடது மூலை. நடுவுக்கு வந்த பிறகு, செயலிகள் கூடக்கூட வரிசை நீண்டு, பொத்தான் இடதுபுறமாக நகர்ந்துகொண்டே போகிறது. நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. மேக்கில் டாக் நடுவில் இருந்தாலும் ஆப்பிள் மெனு மேல் இடது மூலையை விட்டு அசையவில்லை, மெனுப்பட்டையும் மேல் விளிம்போடு ஒட்டியே இருக்கிறது. ஒரு விளிம்பை விட்டுக்கொடுத்தாலும் இன்னொரு விளிம்பைக் கையில் வைத்திருக்கிற அமைப்பு அது. விண்டோஸ் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தன் மூலையை இழந்தது. அமைப்புகளில் இடதுபுறமாக மாற்றும் வழி இருக்கிறது. புதுக் கணினியில் நான் செய்யும் முதல் வேலை அது.

ஒரே கணினியில், தனித்தனிச் சாளரங்களோடு மாற்றிமாற்றிப் பார்க்கும் பல மேசைத்திரைகளை, அதாவது பல மேசைகளை, வைத்துக்கொள்ளும் வசதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யூனிக்ஸ் உலகில் 1990 வாக்கிலேயே இருந்த இது, மேக்குக்கு 2007-இலும், விண்டோஸுக்கு 2015-இலும் வந்தது. க்னோம் இதில் முந்துகிறது: கடைசியில் எப்போதும் ஒரு காலி மேசை காத்திருக்கும், அதில் ஒரு சாளரத்தைப் போட்டால் அடுத்த காலி மேசை தானே தோன்றும். இரண்டு திரை வைத்திருப்போர் விண்டோஸில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மேசையை மாற்றினால் இரண்டு திரைகளும் சேர்ந்தே மாறும். ஒரு திரையில் அரட்டையை நிலையாக வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் மாற்ற விரும்புவோருக்கு மேக்கும் க்னோமும் ஏற்றவை.

குறுஞ்செயலிகளின் கதை ஒரு வேடிக்கை. டாஷ்போர்டைப் பார்த்து விஸ்டாவின் ஓரப்பட்டை வந்தது; பாதுகாப்புக் காரணத்தால் மைக்ரோசாஃப்ட் 2012-இல் அதைக் கைவிட்டது; 2019-இல் ஆப்பிளும் டாஷ்போர்டை எடுத்துவிட்டது; 2021-இல் விண்டோஸ் 11-இலும் 2023-இல் மேக்கின் சோனோமா பதிப்பிலும் இரண்டும் உயிர்த்தெழுந்தன. சாளரங்களால் மூடிக்கிடக்கும் மேசையில் கடிகாரத்தையும் வானிலையையும் யார் பார்க்கிறார்கள் என்ற கேள்விக்கு இரண்டு முறையும் பதில் வரவில்லை.

மென்பொருளை நிறுவும் விதத்தில் கடன் இரு திசையிலும் ஓடியிருக்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் பயனர்கள் 1990-களின் இறுதியிலேயே ஏபிடி என்ற நிரலின் மூலம் ஒரே கட்டளையில் மென்பொருளை நிறுவிக்கொண்டிருந்தார்கள். அதன் உண்மையான பலன் நிறுவுவதில் தெரிவதைவிடப் புதுப்பிப்பதில் தெரியும்: இயங்குதளம், உலாவி, எழுத்துரு, அச்சு இயக்கி எல்லாம் ஒரே வரியில், ஒரே மூலத்திலிருந்து புதுப்பிக்கப்படும். மேக் ஆப் ஸ்டோர் 2011-இலும், விண்டோஸ் ஸ்டோர் 2012-இலும் வந்தபோது இந்த ஏற்பாட்டின் கடைமுகப்பு மட்டும் வந்தது. கடைக்கு வெளியே வாங்கிய செயலிகள் ஒவ்வொன்றும் இன்றும் தனித்தனியாகத் தலைகாட்டி, புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று வேலைக்கு நடுவே கேட்கின்றன. 2021-இல் முதிர்ந்த விங்கெட் கட்டளையால் விண்டோஸ் இதைப் பெருமளவு ஈடுசெய்கிறது. கட்டளை வரி பழகியவர்கள் அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். மறுபுறம் லினக்ஸ், செயலியையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டும் முறையைக் கைக்கொண்டது. நெக்ஸ்ட்ஸ்டெப்பிடமிருந்து பெற்ற அதை மேக் 2001 முதல் கடைப்பிடித்து வருகிறது. ஃபிளாட்பேக், ஸ்னாப் (விண்டோஸின் ஸ்னாப் வேறு) என்ற அந்தப் பொட்டலங்கள் வட்டில் கூடுதல் இடத்தைத் தின்கின்றன. ஆனாலும் செயலிகள் பொதுவாகப் பயன்படுத்தும் ஒரு நிரல் நூலகத்தின் பதிப்பு பொருந்தாமல் செயலி திறக்க மறுக்கும் பழைய தொல்லையை அவை பெரும்பாலும் ஒழித்துவிட்டன.

எல்லாவற்றிலும் பெரிய கடன் 2020-இல் நடந்தது. விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் துணையமைப்பின் இரண்டாம் பதிப்பில், லினக்ஸின் கருவகத்தையே (கெர்னல்) மைக்ரோசாஃப்ட் தன் இயங்குதளத்தோடு சேர்த்துக் கொடுத்தது. வசதியைப் பார்த்து எழுதுவதை விட்டுவிட்டு, வசதி பிறந்த வீட்டையே கொல்லையில் கட்டிக்கொண்ட செயல் இது. நிரல் எழுதுவோருக்கு விண்டோஸை நான் இன்று பரிந்துரைப்பதற்குப் பெரிய காரணமும் இதுவே.

கடன் வாங்கப்படாமல் கிடப்பவையும் கணக்கில் வர வேண்டும். மேக்கில் ஒரு கோப்பைத் தேர்ந்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால், செயலி எதுவும் திறக்காமல் உள்ளடக்கம் எதிரே விரியும். மீண்டும் தட்டினால் மறையும். 2007 முதல் இருக்கும் இதை, நூறு படங்களில் ஒன்றைத் தேடும்போது எதனாலும் ஈடுசெய்ய முடியாது. க்னோமுக்கு சுஷி என்ற துணைநிரலாக இது கிடைக்கிறது. விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் துணைக்கருவித் தொகுப்பான பவர்டாய்ஸைத் தனியே நிறுவினால் பீக் என்ற பெயரில் வருகிறது. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் இன்னும் பிறவியிலேயே இல்லை. கிளிப்போர்டில் முன்பு நகலெடுத்தவற்றின் வரிசையைக் காட்டும் வசதி கேடிஇயில் வெகுகாலமாகவும் விண்டோஸில் 2018 முதலும் இருந்தது; மேக் 2025-இன் தஹோ பதிப்பில்தான் அதை ஸ்பாட்லைட்டுக்குள் வைத்தது.

லினக்ஸிடம் இருந்து யாரும் கேட்டு வாங்காத ஒன்று, சாளரத்தை எங்கே வேண்டுமானாலும் பிடித்து இழுக்கும் வசதி. சூப்பர் விசையை அழுத்திக்கொண்டு சாளரத்தின் நடுவில் மவுஸை வைத்து இழுத்தால் போதும். தலைப்புப் பட்டையைத் தேடி அம்பை மேலே கொண்டுபோக வேண்டியதில்லை. செயலிகள் தலைப்புப் பட்டை முழுவதும் பொத்தான்களையும் தாவல்களையும் நிரப்பி, பிடிக்க ஒரு விரற்கடை இடம்கூட விடாத இந்தக் காலத்தில் இதன் அருமை கூடியிருக்கிறது. பெரும்பாலான விசைப்பலகைகளில் அந்த சூப்பர் விசையின் மேல் பொறிக்கப்பட்டிருப்பது விண்டோஸின் சின்னம். அந்த விசையை அழுத்திக்கொண்டு விண்டோஸில் இழுத்துப் பாருங்கள். சாளரம் அசையாது, விரலை எடுத்ததும் ஸ்டார்ட் மெனு மட்டும் திறந்துகொள்ளும்.